பதிவேட்டில் பெயர் இருக்கிறதா? செவிலியர் பணியின் ஒழுங்கும் நம் குடும்பங்களும்



எங்கள் அறக்கட்டளை செய்த ஒரு தவறைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பாபநாசம் வட்டாரத்திலிருந்து, கணவரை இழந்த ஒரு தாய் தன் மகளின் நர்சிங் படிப்புக்கு உதவி கேட்டு வந்தார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தது. மஹல்லா ஜமாஅத்தின் கடிதம் இருந்தது. பயிற்சி நிலையத்தின் கட்டண ரசீது இருந்தது. எல்லாவற்றையும் பார்த்து, ஜக்காத் நிதியிலிருந்து இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கொடுத்தோம்.

படிப்பு முடிந்து சில மாதங்களில் அந்தத் தாய் மறுபடியும் வந்தார். "அண்ணே, தஞ்சாவூர்ல ரெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்சில் நம்பர் எங்கேன்னு கேக்குறாங்க. புள்ளைக்கு அப்படின்னா என்னன்னே தெரியல" என்றார். விசாரித்தபோதுதான் எங்களுக்கே புரிந்தது. அந்த நிலையம் எந்தக் கவுன்சிலின் அங்கீகாரமும் பெறாதது. அது கொடுத்த டிப்ளமோவை வைத்து அந்தப் பிள்ளை செவிலியராகப் பதிவு செய்யவே முடியாது. இரண்டு ஆண்டு உழைப்பும், பிறருடைய ஜக்காத் பணமும் வீணாயின. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியை நாங்கள் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நோயாளியாக மருத்துவமனையில் படுக்கிற நம் பெற்றோருக்கும், செவிலியராக வேண்டும் என்று ஆசைப்படுகிற நம் பிள்ளைகளுக்கும், மருந்தகமும் சிறு மருத்துவமனையும் நடத்துகிற நம் அமைப்புகளுக்கும் அது ஒரே கேள்விதான்: பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

பதிவேடு என்பது என்ன?

வெள்ளைச் சீருடை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். ஒருவரைச் செவிலியர் ஆக்குவது, அங்கீகரிக்கப்பட்ட படிப்பும், அதன் பிறகு அரசு சட்டத்தின்படி அமைந்த பதிவேட்டில் ஏறும் பெயரும்தான்.

நம் மாநிலத்தில் இந்தப் பதிவேடு நூறு ஆண்டுப் பழமை உடையது. 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் வந்தது. அதன்படி இயங்குவதுதான் சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சில். நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும் என்பதற்காக 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, 2023-இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசியப் பதிவேடு, மாநில ஆணையங்கள், நன்னெறிக்கும் பதிவுக்கும் தனி வாரியம் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டம் வழி செய்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாமல் தகுதி பெற்ற செவிலியராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொல்கிறது.

பதிவேட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று உள்ளே வர: படிப்பு, பயிற்சி, தேர்வு எல்லாம் முடித்தவருக்கு எண் கிடைக்கிறது. மற்றொன்று வெளியே போக: தொழிலுக்கு இழுக்கான நடத்தை விசாரணையில் உறுதியானால் கவுன்சில் அந்தப் பெயரை நீக்கலாம். பெயர் நீங்கியவர் வேறு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துகொள்ள முடியாது. நோயாளிக்குக் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு இந்த இரண்டாவது வாசல்தான். பதிவே இல்லாத ஒருவர் தவறு செய்தால் எந்தப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்க முடியும்?

பெயர் ஒருமுறை ஏறினால் ஆயுளுக்கும் போதும் என்பதும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 150 மணி நேரத் தொடர் கல்வி பெற வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நெறி. மருந்தும் கருவியும் மாறிக்கொண்டே இருக்கும்போது இருபது ஆண்டுக்கு முந்தைய பாடம் மட்டும் போதாது அல்லவா?

தரம் எங்கே இருக்கிறது?

தொழில் தரம் என்றால் ஏதோ பெரிய புத்தகத்தில் இருப்பது என்று நினைக்கிறோம். அது ஒரு பிளாஸ்திரியைப் பிரிப்பதில் இருக்கிறது.

2021 ஜூன் மாதம் தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையில் நடந்ததை நம் மாவட்டத்தில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பிறந்து இரண்டு வாரமே ஆன பெண் குழந்தை. கையில் ட்ரிப்ஸ் ஏற்றுவதற்காகப் போட்டிருந்த ஊசியை எடுக்கும்போது, அதைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் செவிலியர் கத்தரிக்கோலால் வெட்டினார். குழந்தையின் கட்டைவிரல் துண்டானது. செய்தி வெளியானபோது ஊரே பதறியது. அந்தச் செவிலியருக்குக் குழந்தையின் மீது பகை எதுவும் இல்லை. ஆனால் ட்ரிப்ஸ் ஊசி இருக்கும் இடத்தில் கத்தரிக்கோலைக் கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்திரியை நனைத்து இளக்கி விரலால் மெதுவாகப் பிரிக்க வேண்டும் என்பது அடிப்படைப் பாடம். அவசரத்தில் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் ஒரு குழந்தையின் விரல் போயிற்று. தரம் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

மருந்து கொடுப்பதில் எல்லா நர்சிங் மாணவியும் முதலில் படிப்பது ஐந்து சரிபார்ப்புகள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். ஒரே வார்டில் இரண்டு பாத்திமா பீவிகள் இருக்கலாம். அதனால்தான் கட்டில் எண்ணை மட்டும் நம்பாமல் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாத்திரையாக விழுங்க வேண்டியதும் நரம்பில் ஏற்ற வேண்டியதும் வேறு வேறு. அளவு எவ்வளவு முக்கியம் என்பதை இன்சுலின் போடும் நம் வீடுகளிலேயே பார்க்கலாம். ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஒரு வகை சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு இன்னொரு வகை. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால், 10 என்ற கோடு வரை இழுத்ததில் உண்மையில் 25 யூனிட் இருக்கும். சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும்.

இந்தச் சரிபார்ப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. 1993 டிசம்பரில் டெல்லியில் ஸ்பிரிங் மெடோஸ் என்ற மருத்துவமனையில் டைபாய்டு காய்ச்சலுக்காக ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். எழுதப்பட்ட மருந்து குளோராம்ஃபெனிகால். வாங்கிவரச் சொல்லிப் போடப்பட்டதோ மலேரியாவுக்குத் தரும் குளோரோகுயின். ஊசி போட்டதுமே சிறுவன் சரிந்தான். மூளை பாதிக்கப்பட்டு, அதன் பிறகு எழவே முடியாத நிலைக்குப் போனான். விசாரணையில் தெரியவந்தது: ஊசி போட்டவர் தகுதி பெற்ற செவிலியரே அல்ல, எந்த மாநிலக் கவுன்சிலிலும் அவர் பெயர் பதிவாகவில்லை. தானே பார்த்துப் போட வேண்டிய ஊசியை அவரிடம் விட்ட மருத்துவரின் அலட்சியமும் கண்டிக்கப்பட்டது. சிறுவனுக்கு 12.5 லட்சம் ரூபாயும், மன வேதனைக்காகப் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாயும் மருத்துவமனை தர வேண்டும் என்ற தீர்ப்பை 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பணத்தால் அந்தப் பிள்ளை எழுந்து நடக்கவில்லை. ஆனால் ஒன்று நிலைநாட்டப்பட்டது: பதிவில்லாதவரை வேலைக்கு வைத்தவர், "அவர்தான் செய்தார், நாங்கள் அல்ல" என்று கைகழுவ முடியாது.

மருந்தோடு தரம் முடிந்துவிடுவதில்லை. ஒரு நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை சுத்தம் செய்வது. ரத்தம் ஏற்றும்போது பையின் எண்ணையும் குரூப்பையும் இருவர் சேர்ந்து சரிபார்ப்பதும், ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் அருகில் இருந்து கவனிப்பதும். செய்ததைச் செய்த நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுவது, செய்யாததை எழுதாமல் இருப்பது. திரை இழுத்துவிட்டு நோயாளியின் மானத்தைக் காப்பது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருப்பது. ஒருவருடைய நோயை இன்னொருவரிடம் பேசாமல் இருப்பது. ஊர் சிறியது, உறவு பெரியது என்பதால், நம் பகுதியில் கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கடினம். ஒரு பெண்ணின் ஸ்கேன் முடிவு அவள் வீடு போய்ச் சேரும் முன் தெருவுக்குத் தெரிந்துவிட்டால், அதுவும் தொழில் ஒழுங்கை மீறியதே.

தரம் உச்சத்தில் எப்படி இருக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் 1973-இல் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி நினைவிழந்தார். 2015-இல் இறக்கும்வரை, 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பராமரித்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஒருசில நாளிலேயே படுக்கைப் புண் வரக்கூடும். அருணாவை அவர்கள் புண் வராமல் காத்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் செவிலியர்களை மனதாரப் பாராட்டியது. படுத்திருக்கும் தாய் தந்தையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

தவறு வேறு, அலட்சியம் வேறு, ஒழுக்கக்கேடு வேறு

மருத்துவமனையில் நடக்கும் ஒவ்வொரு துயரமும் ஒருவருடைய குற்றம் அல்ல. சரியாகச் செய்தும் நோய் முற்றலாம். அஜல் வந்தால் எந்த வைத்தியமும் தடுக்காது என்பது நம் ஈமான். அதே சமயம், கத்ரின் மீது பழி போட்டு மனிதரின் அலட்சியத்தை மூடிவிடவும் கூடாது.

முயற்சி எடுத்தும் நேர்ந்துவிட்ட பிழை ஒருவகை. அதை உடனே மருத்துவரிடமும் குடும்பத்திடமும் சொல்வதுதான் தொழில் ஒழுங்கு. மறைப்பது பிழையைவிடப் பெரிய குற்றம். சாதாரணக் கவனம்கூட எடுக்காமல் விடுவது அலட்சியம். அதற்கு நஷ்ட ஈடு கேட்கலாம். போலிச் சான்றிதழ், லஞ்சம், குடிபோதையில் பணி, நோயாளியிடம் தகாத நடத்தை, ரகசியத்தை வெளியிடுதல் போன்றவை ஒழுக்கக்கேடு. அது கவுன்சிலின் விசாரணைக்கு உரியது.

குற்ற வழக்கு இவற்றிலிருந்து தனி. மருத்துவர்கள் மீது குற்ற வழக்குத் தொடர வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே எடுத்த எடுப்பில் போலீஸ் நிலையத்துக்கு ஓடுவது எல்லா நேரத்திலும் பலன் தராது. எதற்கு எந்தக் கதவு என்று தெரிந்து தட்ட வேண்டும்.

எங்கே முறையிடுவது?

முதலில் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். பல விஷயங்கள் அங்கேயே சரியாகும். அதில் தீராவிட்டால், அரசு மருத்துவமனையில் நிலைய மருத்துவ அலுவலர், கண்காணிப்பாளர் அல்லது முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், கட்டில் எண், நடந்தது என்ன என்பவை மட்டும் இருக்கட்டும். கோபத்தை எழுத வேண்டாம். ஒரு நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனை என்றால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அதற்குப் பதிவு இருக்க வேண்டும். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் முறையிடலாம். பதிவு பெற்ற செவிலியரின் நடத்தை பற்றிய புகார் சென்னையில் உள்ள மாநிலக் கவுன்சிலின் பதிவாளருக்குப் போக வேண்டும். மனித உரிமை மீறல் என்றால் மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது.

நஷ்ட ஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனைச் சிகிச்சை அதில் வராது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் கட்டிய சிகிச்சைக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்துக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் உயிர்நாடி ஆவணம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, பில், பரிசோதனை முடிவு எதையும் தூக்கி எறியாதீர்கள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. கேட்பதைத் தயங்காமல், ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

செவிலியரின் பக்கத்தையும் பார்ப்போம்

நியாயம் என்றால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவு நேரத்தில் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்கும் போய் நீங்களே எண்ணிப் பாருங்கள். முப்பது கட்டிலுக்கு ஒருவர் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஐந்து சரிபார்ப்புக்கும் நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காத நிர்வாகமும் பிழைக்குப் பங்காளிதான்.

சம்பளமும் அப்படியே. தமிழக அரசு 2015-இல் ஒப்பந்த அடிப்படையில் எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட வேண்டியிருந்தது. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த மத்திய அரசுக் குழு 2016-இல் பரிந்துரைத்தது. நம் வட்டாரத்தில் எத்தனை மருத்துவமனைகள் அதைத் தருகின்றன? பதிவு பெற்றவருக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல்தான் பல இடங்களில் பதிவில்லாத பிள்ளைகளைச் சீருடை மாட்டி நிறுத்துகிறார்கள்.

இன்னொன்று. துக்கத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பதும் செவிலியர் மீது கை ஓங்குவதும் நம் இளைஞர்களிடமும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நியாயமான புகாரும் அந்த ஒரு அடியில் செத்துவிடும். ஜனாஸா வீட்டுப் பிள்ளைகளை அந்த நேரத்தில் தடுத்து நிறுத்துவது ஜமாஅத் பெரியவர்களின் கடமை.

நர்சிங் படிக்க வைக்கும் பெற்றோருக்கு

நம் பெண் பிள்ளைகள் இந்தப் பணிக்கு வருவது சமூகத்துக்குப் பெரிய நன்மை. பிரசவ அறையிலும் பெண்கள் வார்டிலும் நம் தாய்மார்கள் கூச்சமின்றிப் பேச ஒருவர் கிடைக்கிறார். அதனால்தான் ஏமாறாமல் சேருங்கள் என்கிறோம்.

அங்கீகாரம் உள்ள படிப்புகள் இவை: இரண்டு ஆண்டு ஏ.என்.எம்., மூன்று ஆண்டு ஜி.என்.எம்., நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி. நர்சிங் என்றால் தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம், ஓராண்டு என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் "நர்சிங் டிப்ளமோ" எதுவும் செவிலியர் பதிவுக்கு வழிவிடாது. இரண்டு ஆண்டு என்று சொன்னாலும் அது ஏ.என்.எம்.தானா என்று கேளுங்கள். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

நிலையத்தில் கேட்க வேண்டியவை மூன்று. மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரக் கடிதம் இந்தக் கல்வியாண்டுக்கு இருக்கிறதா? மாணவிகள் பயிற்சி பெறும் மருத்துவமனை எது, அதில் எத்தனை படுக்கை? சென்ற ஆண்டு முடித்தவர்கள் கவுன்சிலில் பதிவு பெற்றார்களா? வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் பட்டியலைக் கவுன்சில் வெளியிடுகிறது. அதில் பெயரைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

உதவியாளர் பயிற்சி மட்டும் பெற்ற பிள்ளைகளை நாங்கள் தாழ்த்திச் சொல்லவில்லை. குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் நன்மை நிறைந்த ஹலாலான உழைப்பு. ஆனால் அவர் கையில் ஊசியைக் கொடுத்து "போட்டுவிடு" என்று சொல்வது அவருக்கும் அநீதி, நோயாளிக்கும் அநீதி. ஏதாவது ஆனால் முதலில் மாட்டிக்கொள்வது அந்த ஏழைப் பிள்ளைதான்.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும் இதே பதிவேடுதான் திறவுகோல். சவூதியிலும் அமீரகத்திலும் சான்றிதழ்களை மூலத்திலேயே கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பதிவு செல்லுபடியாகிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற நன்னடத்தைச் சான்றையும் தாய்நாட்டுக் கவுன்சிலிடமிருந்து கேட்கிறார்கள். பிரிட்டனில் செவிலியர் மீதான புகார்களின் விசாரணை முடிவுகள் வெளிப்படையாகவே வெளியிடப்படுகின்றன. எச்சரிக்கை, நிபந்தனையுடன் பணி, இடைநீக்கம், பெயர் நீக்கம் என்று நான்கு படிகள் அங்கே உண்டு. ஏஜெண்டிடம் பணம் கட்டும் முன், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

"மார்க்கத்தோடு இந்த வேலை ஒத்துப்போகுமா?" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். தொற்று பரவாமலிருக்க முழங்கைக்குக் கீழ் உடை இருக்கக் கூடாது என்ற விதி பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் வந்தபோது, முஸ்லிம் பெண்களுக்குச் சிரமம் ஏற்பட்டது. பேசித் தீர்த்தார்கள். ஒருமுறை அணிந்து எறியும் கையுறை போன்ற மேற்கையைப் பயன்படுத்தலாம் என்று 2010-இல் வழிகாட்டுதல் வந்தது. நோயாளியின் பாதுகாப்பையும் விடவில்லை, ஹயாவையும் விடவில்லை. தரத்தை மதித்துக் கேட்டால் வழி பிறக்கிறது.

நம் மார்க்கம் சொல்வது

நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே மதீனாவில் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) அவர்கள் காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்தார்கள். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள், பள்ளிவாசலில் அமைந்த அந்த அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்டார்கள். செவிலியர் பணியின் கண்ணியத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அந்தக் கண்ணியத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வந்தது. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்ற கருத்திலான நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. பிற்கால இஸ்லாமிய நகரங்களில் கடைவீதியின் எடைக்கல்லைச் சோதித்த முஹ்தஸிப் என்ற அதிகாரியே மருத்துவர்களையும் மருந்து விற்பவர்களையும் கண்காணித்தார். நோயாளியின் உடல் ஓர் அமானிதம். அதைக் கையில் எடுப்பவருக்குத் தகுதி வேண்டும், கேள்வி கேட்க ஒருவரும் வேண்டும். இன்றைய பதிவேடும் கவுன்சிலும் செய்வது அதைத்தான்.

எங்கள் முடிவு

அந்தப் பாபநாசம் பிள்ளையின் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த ஆண்டு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஜி.என்.எம். சேர்ந்தது. முதல் வருடத்திலிருந்து மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. இம்முறை கட்டணத்தை ஜக்காத்திலிருந்து எடுக்காமல், நிர்வாகிகள் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். கேட்காமல் விட்டது அவர்கள் என்பதால், அதுவே சரி என்று முடிவு செய்தோம்.

அதன் பிறகு எங்கள் கல்வி உதவி விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேர்த்தோம்: நிலையத்தின் கவுன்சில் அங்கீகார எண். அது இல்லாத விண்ணப்பத்தை நாங்கள் பரிசீலிப்பதில்லை. எங்கள் மருந்தகத்தில் ஊசி போடுபவரின் பதிவுச் சான்றை, வருகிறவர் கண்ணில் படும்படி சுவரில் மாட்டியிருக்கிறோம். மஹல்லாக்களில் மருத்துவச் சேவை நடத்தும் மற்ற அமைப்புகளும் இதைச் செய்ய வேண்டும் என்று அன்புடன் வேண்டுகிறோம். பிறரிடம் கேட்கும் கேள்வியை முதலில் நம்மிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை.

வீட்டுக்கு வந்து ஊசி போடுபவரிடமும் ஒருமுறை கேளுங்கள், பணிவோடு: "அம்மா, உங்கள் பதிவு எண் என்ன?" நல்ல செவிலியர் அதற்குக் கோபப்பட மாட்டார். உழைத்துப் பெற்ற எண்ணைப் பெருமையோடு சொல்வார்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பராமரிக்கும் கைகளுக்கு அறிவையும் பொறுமையையும் தருவானாக. அமானிதத்தைப் பேணுவோரின் கூட்டத்தில் நம்மைச் சேர்ப்பானாக. ஆமீன்.